ஃபிளிண்டர்ஸ் மலைத்தொடர்: மூன்று நாளில் எதைப் பார்ப்பது, எதை விடுவது?

கரிசல்காட்டான்

வணக்கம். அடிலெய்டுக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது, இன்னும் கடற்கரையையும் பரோசாவையும் தாண்டவில்லை. ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள். ஜூலை பள்ளி விடுமுறையில் ஃபிளிண்டர்ஸ் பக்கம் போகலாம் என்று ஆசை. நான், மனைவி, ஏழு வயது மகள், அப்பா (67), அம்மா (62, முழங்கால் வலி உண்டு).

போட்டு வைத்திருக்கும் திட்டம் இதுதான்: வெள்ளி அதிகாலை கிளம்பி மதியம் வில்பீனா. சனிக்கிழமை நான் மட்டும் செயின்ட் மேரி சிகரம் ஏறுவது, அன்று மாலையே எல்லோரும் ஆர்க்கரூலா போய் இரவு வானம் பார்ப்பது. ஞாயிறு பிளின்மன் சுரங்கம், பிராச்சினா கணவாய், அப்படியே வீடு. வண்டி சாதாரண செடான். சரிதானா? மகளுக்கு டைனோசர் பைத்தியம், அங்கே புதைபடிவம் இருக்கிறது என்று கேள்விப்பட்டுக் குதித்துக்கொண்டிருக்கிறாள்.

நெடுநடை

சரியில்லை தம்பி. வரைபடத்தில் விரலால் அளந்து போட்ட திட்டம் போலத் தெரிகிறது.

அடிலெய்டிலிருந்து வில்பீனாவே ஏறக்குறைய 430 கிலோமீட்டர். வயதானவர்களும் குழந்தையும் இருந்தால் நிறுத்தி நிறுத்தி ஆறு மணி நேரம் ஆகிவிடும். சிகரத்துக்குப் போய்த் திரும்பவே ஒரு பகல் போய்விடும், சுற்றுப்பாதையாக வந்தால் ஏறத்தாழ இருபது கிலோமீட்டர், நல்ல நடைக்காரருக்கே எட்டு ஒன்பது மணி நேரம். ஜூலையில் ஐந்தேகாலுக்கெல்லாம் சூரியன் விழுந்துவிடும். அதை முடித்துவிட்டு அன்று மாலையே ஆர்க்கரூலாவா? லீ க்ரீக் வரை போய், அங்கிருந்து மட்டும் சுமார் 130 கிலோமீட்டர் போகவேண்டும், அதுவும் மண்சாலையில், இருட்டில், கங்காரு மேயும் நேரத்தில்.

ஆர்க்கரூலாவை விடுங்கள். அது மோசமான இடம் என்று சொல்லவில்லை, மலைமுகட்டின் மேல் வண்டியில் கூட்டிப்போகும் பயணம் ஒன்று இருக்கிறது, நான் இந்த நாட்டில் பார்த்ததிலேயே அதுதான் உச்சம். அதனால்தான் சொல்கிறேன், அதற்குத் தனியாக நான்கு நாள் வேண்டும். இந்த முறை வில்பீனாவிலோ பக்கத்து ஊரான ஹாக்கரிலோ கூடாரமடித்து, அங்கிருந்தே போய்ப் போய் வாருங்கள்.

ரெண்டாம்கியர்

வண்டி பற்றி ஒரு வார்த்தை, பட்டவன் சொல்கிறேன். தார்ச்சாலை வில்பீனா வரைக்கும் உண்டு, அதைத் தாண்டி பிளின்மன் வரைக்கும் உண்டு. பிராச்சினா, புன்யெரூ கணவாய்கள் இரண்டும் மண்சாலை, ஓடைக்குள்ளேயே இறங்கி ஏறவேண்டும். காய்ந்திருக்கும்போது செடானில் மெதுவாகப் போய் வந்தவர்களும் இருக்கிறார்கள். நான் வாடகை வண்டியில் போய் டயரைக் கிழித்துக்கொண்டேன். திரும்பி வந்து கேட்டால், தார் இல்லாத சாலையில் போனால் காப்பீடு செல்லாது என்று ஒப்பந்தத்தின் ஏதோ ஒரு மூலையில் போட்டிருந்ததைக் காட்டினார்கள். முழுப் பணமும் என் கையிலிருந்துதான் போயிற்று. சொந்த வண்டியானாலும் உங்கள் காப்பீட்டுப் பத்திரத்தை ஒருமுறை எடுத்துப் படித்துவிடுங்கள்.

மாலை நான்கரைக்குப் பிறகு ஓட்டாதீர்கள். கங்காரு குறுக்கே ஓடும்போது தெரியும், ஈமு எந்தப் பக்கம் ஓடப்போகிறது என்று ஈமுவுக்கே தெரியாது.

ஹாக்கரில் பெட்ரோல் நிரப்பிவிடுங்கள். சிக்னல் பல இடங்களில் கிடைக்காது, வரைபடத்தை முன்பே தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பாறைப்பித்தன்

டைனோசர் என்று மகளிடம் சொல்லி ஏமாற்றாதீர்கள். அங்கே இருப்பது அதைவிடப் பெரிய விஷயம். டைனோசர்கள் வந்தது சுமார் 23 கோடி ஆண்டுகளுக்கு முன். ஃபிளிண்டர்ஸில் இருப்பவை சுமார் 55 கோடி ஆண்டு பழையவை. எலும்பு கிடையாது, ஓடு கிடையாது, பல் கிடையாது. கடலடி மணலில் அப்பளம் போலப் படுத்துக் கிடந்த மெல்லுடல் உயிர்கள், அவற்றின் அச்சு மட்டும் கல்லில் நிற்கிறது. 1946இல் ரெக் ஸ்ப்ரிக் என்ற இளம் நிலவியலாளர், கைவிடப்பட்ட சுரங்கங்களைப் பார்வையிட ஈடியகாரா குன்றுகளுக்குப் போனபோது கண்ணில் பட்டவை. ஆரம்பத்தில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 2004இல் புவியின் கால அட்டவணையில் ஒரு காலகட்டத்துக்கே 'ஈடியகாரன்' என்று பெயர் வைத்தார்கள். அது தொடங்கும் இடத்தைக் குறிக்கும் வெண்கலத் தகடு பிராச்சினா பக்கத்தில் எனோரமா ஓடையின் பாறையில் பதிக்கப்பட்டிருக்கிறது. தகட்டுக்குக் கீழே இருக்கும் கல் பனிப்பாறைகள் கொண்டுவந்து கொட்டியது, மேலே இருப்பது அந்தப் பனியுகம் முடிந்தபின் கடலில் படிந்த சுண்ணாம்பு வகை. பூமி முழுக்க உறைந்து கிடந்து பிறகு உருகியது என்கிறார்களே, அந்த எல்லையின் மேல் ஒரு கையையும் கீழ் ஒரு கையையும் வைக்கலாம். எனக்கு அங்கே கண் கலங்கிவிட்டது, மனைவி இன்றும் கேலி செய்கிறாள்.

பிராச்சினா பாதை 20 கிலோமீட்டர்தான். அதற்குள் 13 கோடி ஆண்டுகளாகப் படிந்த அடுக்குகள், ஒவ்வொன்றுக்கும் விளக்கப் பலகை. ஒன்றே ஒன்று: கிழக்கிலிருந்து மேற்காக ஓட்டுங்கள். அப்போதுதான் பழையதிலிருந்து புதியதற்கு வருவீர்கள். மேற்கிலிருந்து நுழைந்தால் கதையைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பது போல.

நல்ல புதைபடிவப் படுகைகள் இருப்பது நில்பீனா ஈடியகாரா தேசியப் பூங்காவில், 2023இல் திறந்தது. முன்பதிவு செய்து வழிகாட்டியுடன்தான் போகமுடியும். இடம் கிடைக்காவிட்டால் கவலைப்படாதீர்கள், உங்கள் ஊரிலேயே தென் ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்தில் ஒரு பகுதி முழுக்க இவைதான். கிளம்புவதற்கு முன்பு மகளை அங்கே கூட்டிப்போனால் மலையில் என்ன பார்க்கிறோம் என்று அவளுக்கே தெரியும். ஒரு கல்லையும் எடுக்கக்கூடாது என்று இப்போதே சொல்லிவையுங்கள்.

யாழ்தேவி

நாங்கள் இரண்டு வருடத்துக்கு முதல் மாமியையும் கூட்டிக்கொண்டு போனோம், அவவுக்கும் முழங்கால் பிரச்சினைதான். ஆகவே அம்மாவை நினைத்து எழுதுகிறேன், ஆண்கள் எல்லாரும் பாறையையும் டயரையும் பற்றியே கதைக்கிறீர்கள்.

பிளின்மன் சாலையில் ஹக்ஸ், ஸ்டோக்ஸ் ஹில் என்று இரண்டு காட்சிமுனைகள் உண்டு. காரை விட்டு இறங்கினால் போதும், நடக்கத் தேவையில்லை. பின்னேர வெயிலில் மலை முழுக்கச் செம்மையாகி, பிறகு ஊதா நிறமாக மாறும், அவ்வளவு வடிவு. வில்பீனாவுக்குள் போகிற பாதையும் முதல் இரண்டு கிலோமீட்டர் ஓடைக்கரையோரம், பெரிய யூகலிப்டஸ் மரங்களுக்குக் கீழே, அநேகமாகச் சமதரை. களைத்தால் திரும்பிவிடலாம். காசு கொஞ்சம் செலவழிக்கலாம் என்றால் சிறிய விமானத்தில் இருபது முப்பது நிமிடம் மேலே கூட்டிச் செல்வார்கள். தரையில் நின்று பார்த்தால் வில்பீனா ஒரு மலைச்சுவர் மட்டும்தான். 17 கிலோமீட்டர் நீளம், 8 கிலோமீட்டர் அகலத்தில் அது ஒரு கிண்ணம் என்று மேலே போனால்தான் விளங்கும். மாமி கீழே இறங்கி வந்து ஒரு மணித்தியாலம் பேசவே இல்லை, அது எங்கள் வீட்டில் சரித்திரம்.

ஜூலையில் இரவு சுழியப் பாகைக்குக் கிட்டப் போகும். பகலில் பதினாறு பதினேழு இருக்கும், அதை நம்பி மெல்லிய உடுப்போடு வராதீர்கள். காதை மூடத் தொப்பி, அம்மாவுக்குக் கட்டாயம் வெந்நீர்ப் பை. முகாமில் விறகு பொறுக்கக்கூடாது, பூங்காவுக்குள் விழுந்து கிடக்கிற கொப்புகூடப் பிராணிகளுக்கு வீடு. வெளியிலிருந்து வாங்கி வாருங்கள்.

கரிசல்காட்டான்

எல்லோருக்கும் நன்றி. ஆர்க்கரூலாவை வெட்டிவிட்டேன். யாழ்தேவி அக்கா, வெந்நீர்ப் பை எழுதிக்கொண்டேன். நில்பீனாவில் நாங்கள் போகும் தேதிகளுக்கு இடம் இல்லை, அருங்காட்சியகம் அடுத்த சனிக்கிழமை.

வில்பீனா விண்கல் விழுந்த பள்ளம் என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னார், உண்மையா?

பாறைப்பித்தன்

இல்லை, எரிமலை வாயும் இல்லை. பாறை அடுக்குகள் பக்கவாட்டில் நெருக்கப்பட்டு மடிந்தபோது மேடும் பள்ளமுமாக மடிப்புகள் வந்தன. அதில் பள்ளமான மடிப்பின் அடிப்பாகம்தான் இப்போது மலையாக நிற்கிறது. பக்கத்தில் உயரமாக இருந்த மடிப்புகள் எல்லாம் கரைந்து போய்விட்டன, பள்ளத்தில் இருந்த குவார்ட்சைட் என்ற கடினமான பாறை தப்பிவிட்டது. அன்று தாழ்ந்து கிடந்தது இன்று உயர்ந்து நிற்கிறது.

ஆனால் உங்கள் அலுவலக நண்பரை முழுக்கக் கைவிட வேண்டாம். சுமார் 58 கோடி ஆண்டுகளுக்கு முன் மேற்கே 300 கிலோமீட்டர் தள்ளி, இப்போது அக்ரமன் ஏரி இருக்கும் இடத்தில் ஒரு பெரிய விண்கல் விழுந்தது. அது தூக்கியெறிந்த கற்சில்லு புன்யெரூ பகுதியின் பாறைக்குள் ஒரு மெல்லிய பட்டையாக இருக்கிறது.

மலைவெறி

நெடுநடை, சிகரம் ஏறலாமா வேண்டாமா என்று ஒன்றும் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே. செயின்ட் மேரி 1,170 மீட்டர் சொச்சம், ஃபிளிண்டர்ஸிலேயே உயரமானது, அவ்வளவு தூரம் போய் அதை ஏறாமல் வருவதா? போன ஆண்டு ஏறினேன், கடைசிப் பகுதியில் கைவைத்து ஏறவேண்டும், மேலிருந்து மேற்கே டாரன்ஸ் ஏரியின் உப்பு வெள்ளைக்கோடாகத் தெரிந்தது.

நெடுநடை

வேண்டுமென்றேதான் சொல்லவில்லை, கேட்டதால் சொல்கிறேன். அது அந்த மலையின் பூர்வகுடிகளான அட்னியமத்னா மக்களின் மண். இரண்டு அகுர்ரா பாம்புகள், ஒரு சடங்குக்காகக் கூடியிருந்தவர்களைச் சுற்றி வளைத்து விழுங்கிவிட்டு அப்படியே படுத்துவிட்டன, அவற்றின் உடல்தான் வில்பீனாவின் சுவர்கள் என்பது அவர்கள் கதை. சிகரம் அதில் ஒரு பாம்பின் தலை. உச்சிக்கு ஏறாதீர்கள் என்று அவர்கள் கேட்டுக்கொள்கிறார்கள், பாதை தொடங்கும் இடத்திலும் எழுதியிருக்கிறது. உச்சிக்குக் கீழே டாண்டெரா கழுத்து என்ற தாழ்வான முகடு வரை போய்த் திரும்பலாம், அங்கிருந்தே காட்சி போதும் போதும் என்றிருக்கும்.

மலைவெறி

வேண்டுகோள்தானே, தடை இல்லையே. தடை என்றால் நானும் போயிருக்க மாட்டேன். பூங்கா நிர்வாகத்தில் அவர்களும் இருக்கிறார்கள், வேண்டாம் என்றால் மூடிவிடலாமே?

நெடுநடை

தடை இல்லை, உண்மைதான். நம் ஊர்க் கோயிலில் கருவறைப் படியில் போலீஸ் நிற்பதில்லை, ஆனாலும் நாம் வெளியே நின்றுதான் கும்பிடுகிறோம். பூட்டு போட்டால்தான் மதிப்பேன் என்பவருடன் எனக்கு வாதம் இல்லை. நானும் 2009இல் ஏறியவன்தான், அப்போது பலகையைப் படிக்கவில்லை.

மலைவெறி

கருவறை உதாரணம் எனக்கு ஒட்டவில்லை, அதைப் பற்றியும் நிறையப் பேசலாம், அந்தப் படியில் யாரை நிறுத்தினார்கள் என்பது வேறு கதை. இங்கே வேண்டாம். இவருக்கு டாண்டெரா வரை என்றே சொல்லிவிடுவோம்.

யாழ்தேவி

குடும்பத்தோடு போகிறவர் ஒன்பது மணித்தியாலம் தனியாக மலையில் திரிந்தால் வீட்டில் என்ன நடக்கும் என்பதை இரண்டு பேரும் யோசிக்கவில்லை.

நெடுநடை

அதுவும் சரிதான். தம்பி, வாங்காரா காட்சிமுனைக்குப் போங்கள், போகவர ஏழெட்டு கிலோமீட்டர், மகளும் நடப்பாள். வழியில் ஹில் குடும்பத்தின் பழைய வீடு. 1900களின் தொடக்கத்தில் அந்தக் கிண்ணத்துக்குள் கோதுமை போட்டார்கள். உள்ளே போக ஒரே வழி அந்த ஓடை வெட்டிய இடுக்குதான், அதற்குள் பெரும்பாடுபட்டுச் சாலை போட்டார்கள். 1914இல் வந்த வெள்ளம் சாலையை அடித்துக்கொண்டு போய்விட்டது, அவர்களும் விட்டுவிட்டு வெளியேறினார்கள்.

குளிர்காலமானாலும் ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் குறையக்கூடாது. கோடையில் நடக்கவே போகாதீர்கள், 40ஐத் தாண்டும்.

பாறைப்பித்தன்

வறண்ட மலை என்று நினைத்துப் போகிறவர்கள் கவனிக்காத விஷயம் இதுதான். அங்கே கண்ணில் படும் எல்லாவற்றையும் செய்தது தண்ணீர். கணவாய்களை அறுத்தது, சாலையை அடித்தது, ஊர்களைக் காலி செய்தது, வந்தும் வராமலும். கன்யாகா என்று ஹாக்கருக்கும் குவார்னுக்கும் நடுவில் ஒரு பாழடைந்த பண்ணை, கட்டாயம் நிறுத்துங்கள். அதை 1852இல் தொடங்கிய ஹியூ ப்ரோபி என்ற இளைஞர் அதே ஆண்டு இறந்தார், எப்படி? வில்லோக்ரா ஓடையில் திடீர் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டு. அதற்குப் பிறகு எழுபது குடும்பங்கள் வரை அங்கே வாழ்ந்தன, 1860களின் பஞ்சத்தில் ஆடுகள் ஆயிரக்கணக்கில் செத்தன. இன்று கூரையில்லாத கற்சுவர்கள் மட்டும்தான்.

அந்தப் பஞ்சத்தின்போது 1865இல் நில அளவைத் தலைவர் ஜார்ஜ் கோய்டர் ஒரு கோடு போட்டார். அதற்கு வடக்கே ஆண்டு மழை சுமார் 10 அங்குலத்துக்கும் கீழே, பயிர் வைக்காதீர்கள் என்றார். அடுத்த சில வருடம் நல்ல மழை. ஏர் போகும் இடத்துக்கு மழை பின்னாலேயே வரும் என்று சொல்லிக்கொண்டு ஆட்கள் கோட்டைத் தாண்டி வடக்கே போய் உழுதார்கள். வழியில் தனித்தனியாக இடிந்து நிற்கும் வீடுகள் எல்லாம் அவர்களுடையவை.

கரிசல்காட்டான்

இதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கோவில்பட்டிப் பக்கம் நாற்பது வருடம் மானாவாரியில் உளுந்தும் பருத்தியும் போட்டவர். "வானம் பார்த்த பூமிக்குக் கோடு வேற போட்டானா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். கன்யாகா பட்டியலில் முதலாவதாகப் போய்விட்டது, அவர் உத்தரவு.

ரெண்டாம்கியர்

கிளம்பும் முந்தைய நாள் சாலை நிலவரம் பாருங்கள். மழை பெய்தால் மண்சாலையை மூடிவிடுவார்கள், மூடிய சாலையில் போனால் அபராதம், அந்தச் சேற்றில் நீங்கள் பதிக்கும் தடத்தைச் சரிசெய்ய அவர்களுக்கு வாரக்கணக்கில் ஆகும்.

கரிசல்காட்டான்

போய் வந்துவிட்டோம். நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வியாழன் இரவே அங்கே மழை. வெள்ளி மதியம் ஹாக்கரில் இறங்கியபோது பலகையில் பிராச்சினாவும் புன்யெரூவும் 'மூடப்பட்டது'. மகள் அழவில்லை, ஆனால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அருங்காட்சியகத்தில் டிக்கின்சோனியா என்ற புதைபடிவத்தைப் பார்த்ததிலிருந்து அதன் பெயரைத் தன் பென்சில் பெட்டியில் எழுதி வைத்திருந்தாள்.

கன்யாகாவில் முக்கால் மணி நேரம் என்று நினைத்தோம், இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. அப்பா சுவரைப் பார்க்கவில்லை, மண்ணைப் பார்த்தார். குனிந்து ஒரு கை அள்ளி, பிசைந்து, உதிர்த்துவிட்டு, "மண்ணுல குத்தமில்ல, நல்ல மண்ணுதான், ஏமாத்தியிருக்கும்" என்றார். எந்த வருடம் மழை நன்றாகப் பெய்து ஆசை காட்டியதோ அந்த வருடம்தான் இவர்கள் வீடு கட்டியிருப்பார்கள் என்று அவராகவே சொன்னார், கோய்டர் கதையில் அந்தப் பகுதியை நான் வாசித்துக் காட்டியதாக நினைவில்லை. ஓடை அங்கே பழுப்பாக ஓடிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை வில்பீனா. மரத்தடிப் பாதையில் அம்மா ஒன்றரை கிலோமீட்டர் நடந்தார், பிறகு ஒரு பெரிய மரத்தின் வேரில் உட்கார்ந்துகொண்டு நீங்கள் போய்வாருங்கள் என்றார். மனைவி அவருடன் இருந்தாள். நானும் அப்பாவும் மகளும் ஹில்ஸ் வீட்டைத் தாண்டி வாங்காரா வரை போனோம். கடைசி ஏற்றம் செங்குத்து, அப்பா என்னைவிட வேகம். சிகரத்தைக் கீழிருந்து பார்த்தேன். பாம்புத்தலை என்று மகளிடம் சொன்னதும் அவள் வாலைத் தேட ஆரம்பித்துவிட்டாள், அதிலேயே இறங்கும் தூரம் முழுவதும் கழிந்தது. விமானத்துக்கு அம்மா மறுத்துவிட்டார், யாழ்தேவி அக்கா மாமிக்கு இருந்த துணிச்சல் இவருக்கு இல்லை. ஸ்டோக்ஸ் ஹில்லில் மாலை நின்றோம், நீங்கள் சொன்ன ஊதா நிறம் உண்மைதான்.

ஞாயிறு காலை பிளின்மனில் செப்புச் சுரங்கம். 1859இல் பிளின்மன் என்ற ஆட்டிடையர் கண்டுபிடித்த தாது, அவருக்கு ஒரு கால் மரக்கால் என்று வழிகாட்டி சொன்னதும் மகளுக்குச் சுரங்கமே மறந்துபோயிற்று. மஞ்சள்பாதப் பாறைவாலபி என்ற சிறிய கங்காரு வகையைக் காணக் கொடுத்துவைக்கவில்லை, பிராச்சினாவில்தான் அவை அதிகமாமே. நரியையும் காட்டாட்டையும் கட்டுப்படுத்தி 1992 முதல் அவற்றை மீட்டெடுத்து வருகிறார்கள் என்று சுரங்கத்தில் ஒருவர் சொன்னார்.

எதிர்பாராதது சனிக்கிழமை இரவுதான். மேகம் முழுக்க விலகிவிட்டது. குளிரில் போர்வையோடு வெளியே நின்றோம். அப்பா தலையை நிமிர்த்தி, "கேட்டை இங்க உச்சந்தலையில நிக்குது" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. சிவப்பாக ஒரு நட்சத்திரம், அதிலிருந்து வளைந்து மூலம், முழு விருச்சிகமும் நேர் மேலே. ஊரில் அதைத் தெற்கே சாய்வாகத்தான் பார்த்திருக்கிறார். கொடுக்கு எது, உடம்பு எது என்று பேத்திக்குக் கைகாட்டிக்கொண்டே இருந்தார், அம்மா வெந்நீர்ப் பையை வயிற்றில் அணைத்தபடி போதும் உள்ளே வாருங்கள் என்று நான்கு முறை கூப்பிட்டுவிட்டார்.

யாழ்தேவி

அந்தப் பை வேலை செய்தது, அதுவே எனக்குப் போதும்.

புதுவெயில்

அடுத்த வாரம் நாங்களும் போகிறோம். பிராச்சினா திறந்துவிட்டார்களா?

கரிசல்காட்டான்

நாங்கள் திரும்பிய மறுநாள் திறந்துவிட்டார்களாம், இதை மகளிடம் இன்னும் சொல்லவில்லை. செப்டம்பர் விடுமுறைக்கு மறுபடி போகிறோம், அதற்குள் அப்பா அம்மா ஊர் திரும்பியிருப்பார்கள்.

பாறைப்பித்தன்

கிழக்கிலிருந்து மேற்கு. மறந்துவிடாதீர்கள்.